முப்பதாவது தகவலாளி

முப்பது பேரையும் தேடிப் போனேன் என்று அந்தப் பெண் சொன்னபோது கிருபாகரனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தண்ணீர்த் தம்ளரை மூடியிருந்த காகிதத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் அது எழும்புவதும் அமர்வதுமாக இருந்தது, உள்ளே எதுவோ மூச்சுவிடுவதுபோல. புறத்தேர்வாளராக இப்படி எத்தனை மேடைகளில் உட்கார்ந்தாயிற்று. எல்லா மேடையும் ஒன்றுதான். பொது வாய்மொழித் தேர்வு என்றால் ஒரு சால்வை, ஒரு பூங்கொத்து, முன்வரிசையில் பட்டுப்புடவையில் ஆய்வாளரின் உறவுக்காரர்கள், கடைசி வரிசைக்குப் பின்னால் மேசைமீது மிக்சரும் மைசூர்பாகும் வைத்த காகிதத் தட்டுகள், சபையிலிருந்து யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்றொரு அறிவிப்பு, நண்பன் ஒருவன் எழுந்து முன்னமே சொல்லிக்கொடுத்த கேள்வியைக் கேட்பது, கைதட்டல். முடிவு எல்லோருக்கும் முன்பே தெரிந்த சடங்கு. அறிக்கைகூடத் தட்டச்சாகி அவர் முன்னால் கிடந்தது. பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு அவருடைய பெயர், கையெழுத்து மட்டும் பாக்கி. வரவேண்டிய தேர்வாளருக்கு உடம்பு சரியில்லாமல் போக, முந்தாநாள்தான் மாசிலாமணி போன் பண்ணினார். அந்தப் பெண்ணின் நெறியாளர் அவர். உங்க பழைய ஆய்வோட தொடர்ச்சிதான் சார், நீங்க வந்தா பொருத்தமா இருக்கும் என்றார். ஆய்வேடு பார்சலில் வந்தது. அதில் கிருபாகரன் முதலில் புரட்டியது கடைசியில் இருந்த நூற்பட்டியலை. தன் பெயர் இருந்தது. பிறகு முன்னுரையில் ஒரு பக்கம், முடிவுரையில் ஒரு பக்கம். நடுவில் இருக்கும் முந்நூறு பக்கத்தை யார் படிக்கிறார்கள், தன்னுடையதை யார் படித்தார்கள்.

முப்பது. அந்த எண் காதுக்குள் போய் எங்கேயோ இடித்து நின்றது. நிரோஜினி என்ற அந்தப் பெண், முகாமிலேயே பிறந்தவள், மேடையில் பேசும்போது மேடைத்தமிழும் வீட்டுத்தமிழும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வருகிறவள், திரையில் அடுத்த படத்தைத் தட்டினாள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பேராசிரியர் கிருபாகரன் அணைக்கட்டு முகாமில் முப்பது அகதிப் பெண்களைத் தகவலாளிகளாகச் சந்தித்துப் பேட்டி கண்டு எழுதிய ஆய்வைப் பின்தொடர்ந்து, அதே பெண்களைத் தேடிப் போனேன் என்றாள். இருபத்திரண்டு பேரைச் சந்தித்தேன், நான்கு பேர் இறந்துவிட்டார்கள், மூன்று பேர் இலங்கைக்கே திரும்பிவிட்டார்கள், ஒருவர் கனடாவில். மேசைக்கு அடியில் கிருபாகரனின் விரல்கள் தாமாகவே கூட்டின. இருபத்திரண்டும் நாலும் இருபத்தாறு. மூன்று, இருபத்தொன்பது. ஒன்று. மறுபடியும் கூட்டினார். விரல்கள் முப்பதில்தான் வந்து நின்றன. நிற்கக் கூடாது. இருபத்தொன்பதில் நிற்க வேண்டும். இந்த உலகத்தில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தெரிந்த இன்னொருவர், அவருடைய நெறியாளர் அல்போன்ஸ், கல்லறைக்குப் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. அவருக்கும் தெரிந்திருந்ததா, அல்லது தெரிந்துகொள்ளாமலிருக்கத் தெரிந்திருந்ததா. இருபத்தொன்பதுன்னு போட்டா ஏன் முப்பது இல்லன்னு கேப்பான்யா, இன்னொண்ணு இல்லாமலா போகும், போய்ப் பாரு என்று சொல்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்ததால் அவர் கண்ணை அன்று பார்க்க முடியவில்லை.

போய்ப் பார்க்கவில்லை. அதுதான் விஷயம். முகாமுக்குப் பக்கத்து ஊரில் லாட்ஜ் அறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் வரும் கனம், வெளியே வெயில். உட்கார்ந்து எழுதினார். முப்பதாவது தகவலாளி, வயது இருபத்தாறு, குழந்தையோடு தனியாகப் படகேறியவர். படகு மணல்திட்டைத் தொடுமுன் அலை தூக்கியது, குழந்தையின் கையைப் பிடித்திருந்தேன், பிடித்திருந்த கை என்னுடையதுதான், விட்ட கையும் என்னுடையதுதான். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது மயிர் கூச்செறிந்தது. மற்ற இருபத்தொன்பதில் ஒன்றும் அப்படி இல்லை. ஆய்வேடு நூலாக வந்ததும் அந்த ஒன்றைத்தான் எல்லோரும் எடுத்தாண்டார்கள். அகதிகளைத் திருப்பி அனுப்புவது பற்றி இரண்டு அரசுகளும் பேசியபோது ஒரு தூதுக்குழுவின் அறிக்கையில் அந்த வரிகள் இருந்தன. வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் அவரே அதை வாசித்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அழுதாள். வாசிக்கும்போது அவர் குரலும் தழுதழுத்தது. அது பொய்யில்லை. எது பொய்யில்லை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். வேலை, பதவி உயர்வு, இதோ இந்த மேடை வரைக்கும், எல்லாம் முப்பது பேரில் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிவந்ததுதான். அந்த ஒருத்தி இல்லாதவள்.

அந்த இருபத்திரண்டில் ஒருவர், நிரோஜினி சொன்னாள், முப்பதாவது தகவலாளி. திரையில் ஒரு கை. முகம் காட்டக் கூடாது என்பதால் கையை மட்டும் எடுத்திருந்தாள். வயதான கை, நரம்பு புடைத்தது, விரல்கள் லேசாக மடங்கி, உள்ளங்கைக்குள் சின்னதாக எதையோ பிடித்திருப்பதுபோல. உள்ளங்கை காலியாக இருந்தது. கிருபாகரன் தம்ளரை எடுக்கப் போய், காகிதத்தை எடுக்காமலே உதட்டுக்குக் கொண்டுபோய், கீழே வைத்தார். இவளும் எழுதியிருக்கிறாள். அதுதான். தான் செய்ததையே இவளும் செய்திருக்கிறாள், எந்த லாட்ஜிலோ, எந்த மதியத்திலோ. நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது, அது அசிங்கமான நிம்மதி என்று அவருக்கே தெரிந்தது. ஒரு கேள்வி போதும். பேட்டியின் ஒலிப்பதிவைக் கொண்டுவாம்மா என்று கேட்டால் போதும், அவள் உட்கார்ந்துவிடுவாள். அவளோடு சேர்ந்து அவரும் உட்கார வேண்டியிருக்கும். கேட்காவிட்டால் கையெழுத்து. கையெழுத்துப் போட்டால், அந்த முப்பதாவது பெண் இருக்கிறாள் என்று இரண்டாவது முறையாக அவர் சான்றளித்ததாக ஆகும்.

நிரோஜினி பேட்டியின் ஒரு பக்கத்தைத் திரையில் போட்டாள். அவர் வகுப்பில் வருஷாவருஷம் சொல்கிற ஒன்று உண்டு. நிஜப் பேட்டி நடுநடுவே அறுந்துபோகும், பொய்ப் பேட்டி அறுபடாது. நிஜத்தில் குக்கர் கத்தும், கோழி உள்ளே வரும், பக்கத்து வீட்டுக்காரி சார்ஜர் கேட்பாள், பேசுகிறவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே இந்த மாசம் பாமாயில் போட்டாங்களாம் என்பாள். கற்பனைக்காரி மட்டும் தொடங்கியதிலிருந்து முடிவுவரை மூச்சுவிடாமல் சோகமாகப் பேசுவாள். இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். தன்னுடைய முப்பதாவது பெண் ஒருமுறைகூட நிறுத்தாமல் பேசினாள் என்பது எவனுக்கும் தோன்றியதில்லை. இப்போது திரையில் இருந்த பக்கத்தை அவர் கண் மேலிருந்து கீழாக இறங்கிப் படித்தது. அலை தூக்கினது, பிள்ளையின்ட கையை நான் பிடிச்சிருந்தனான், கொஞ்சம் பொறு பிள்ளை, தண்ணி வந்திட்டுது, குடத்தை வச்சிட்டு வாறன். நான்கு நிமிட இடைவெளி என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தாள். பிறகு, எங்கை விட்டனான், ஓம், கை. அது நிஜப் பேட்டி. அவர் எழுதிய வரிகளை, ஒரு நிஜமான பெண், குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறாள்.

யார் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பெயர்களெல்லாம் மறைக்கப்பட்டவை அல்லவா என்று மாசிலாமணி கேட்டார். எல்லோருக்கும் விளங்கட்டுமே என்று நெறியாளர் எடுத்துக்கொடுக்கிற கேள்விதான். பேராசிரியரோட நூல்ல பின்னிணைப்பு மூன்று சார் என்றாள் அவள். பின்னிணைப்பு மூன்று. களத்துக்குப் போனதை நிரூபிக்க அவர் வரிசை எண்ணும் வீட்டு எண்ணும் அச்சிட்டிருந்தார். பெயரை மறைத்து வீட்டைக் காட்டிக்கொடுத்தது இத்தனை வருஷத்தில் யாருக்கும் தவறாகப் படவில்லை, அவருக்கும்தான். மூன்றாவது வரிசை, கடைசி வீடு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம். இல்லாதவளுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது, காலியாகக் கிடந்த ஒரு வீட்டைக் கொடுத்தார். காலியாகவா கிடந்தது. பூட்டியிருந்தது. இல்லை, சாத்தியிருந்தது. அவர் அந்தக் கதவை மூன்று தடவை தட்டினார். மூன்று தடவை தட்டியது ஏன் இவ்வளவு நாளும் ஞாபகம் வரவில்லை, காலி வீட்டை யாராவது மூன்று தடவை தட்டுவார்களா. இரண்டு முறை திறக்கவில்லை. மூன்றாவது முறை. மூன்றாவது முறை உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து சுளகில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவர் வாசற்படியில் உட்கார்ந்து, தன் பெயர், கல்லூரியின் பெயர், ஆய்வின் நோக்கம் எல்லாம் சொன்னார். அவள் ஒரு கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அரை மணி நேரம். அவள் வாயே திறக்கவில்லை. திறக்கவில்லையா. சிறு சிறு கற்கள் ஒரு குவியலாகச் சேர்ந்தது ஞாபகம் இருக்கிறது. நன்றி சொல்லி எழுந்தது ஞாபகம் இருக்கிறது. அறைக்கு வந்து எழுதும்போது ஒரு அடித்தல்கூட இல்லை, திருத்தல் இல்லை, யாரோ சொல்லச் சொல்ல எழுதியதுபோல இரண்டு மணி நேரம் பேனா ஓடியது. அவர் வாழ்க்கையில் அப்படி எதையும் எழுதியதில்லை, அதற்கு முன்னும் பின்னும். அவள் சொன்னாளா. சொல்லியிருந்தால் நல்லது. கடவுளே, சொல்லியிருக்கட்டும்.

ஆனால் நிரோஜினி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டாள், அதன் தலைப்பு மறுப்பிலிருந்து ஏற்பை நோக்கி. பேராசிரியரின் நூலிலிருந்து அந்தச் சாட்சியத்தைத் தொண்டு நிறுவனம் ஒன்று சிறு புத்தகமாகப் போட்டு முகாமில் வாசித்துக் காட்டியது என்றாள். மூன்றாம் வரிசைக் கடைசி வீடு என்றதும் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தகவலாளி முதல் ஏழு வருஷம் முழு மறுப்பில் இருந்தார். எனக்குப் பிள்ளையே இருந்ததில்லை, நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று வந்த குழுவிடமெல்லாம் சொன்னார். இழப்பின் தீவிரத்தால் ஏற்படும் மறதி என்று மனநல ஆற்றுப்படுத்துநர்கள் குறித்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை அமர்வு. நூலிலிருந்து அந்தப் பகுதியை மெதுவாக வாசித்து, உங்களை நீங்களே மன்னிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, ஏழாவது வருஷ முடிவில் அவர் முதன்முதலாக அழுதார். அதன்பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வரத் தொடங்கியது. குழந்தையின் சட்டை, மூன்றாவது பொத்தான் இல்லாதது. இருமல். தலையில் எண்ணெய் மணம். சபையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மாசிலாமணி கிருபாகரன் பக்கம் சாய்ந்து, அருமையான தரவு சார், இல்லையா என்று காதில் சொன்னார். கிருபாகரன் தலையாட்டினார். தலை தானாக ஆடியது. ஏழு வருஷம் அவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவர் படித்த படிப்பைப் படித்தவர்கள், அவர் பாடம் எடுத்தவர்களாகக்கூட இருக்கலாம், அவள் எதிரில் உட்கார்ந்து, கனிவான குரலில், வாரம் ஒரு தடவையாக அந்த உண்மையை அவளிடமிருந்து பிடுங்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு செத்த குழந்தையை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பொத்தானை அவர் எழுதவில்லை. எண்ணெய் மணம் அவருடையதில்லை. குழந்தை அவர் விட்ட இடத்திலிருந்து வளர்ந்திருக்கிறது.

ஜூலை பத்தொன்பதாம் தேதியை அவர் ஒவ்வொரு வருஷமும் அனுசரிக்கிறார், நிரோஜினி சொன்னாள், படகு வந்த நாள் அது என்று நூலில் இருக்கிறது. அன்று ஒரு பிடி சோறு தனியாக எடுத்து வைப்பார், யாரிடமும் பேச மாட்டார். ஜூலை பத்தொன்பது. லாட்ஜ் சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர், மசாலாக் கம்பெனி ஒன்றின் படம் போட்டது. எழுதும்போது ஒரு தேதி வேண்டியிருந்தது, தலையைத் தூக்கிப் பார்த்தார். அன்றைய தேதி. வருஷத்தை மட்டும் மாற்றினார். அப்படியானால் அவள் எடுத்து வைக்கிற ஒரு பிடி சோறு, அவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேனாவைத் திறந்த நாளுக்கு. இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பத்தொரு வயது என்றாள் நிரோஜினி, அவள் குரலே கொஞ்சம் கம்மியது. கிருபாகரனுக்கு வெளிநாட்டு மேடையில் தன் குரல் கம்மியது ஞாபகம் வந்தது. இவளாவது நம்பிக் கம்முகிறாள். இவள் நல்ல பிள்ளை. நான்கு வருஷம் பஸ்ஸில் போய்ப் போய் எழுதியிருக்கிறாள். முகாமிலிருந்து முதல் முனைவர். இப்போது வாயைத் திறந்தால் தன்னுடைய பட்டம் மட்டுமில்லை, இவளுடையதும் போகும். அதனால் பேசாமலிருப்பது நியாயம். எவ்வளவு சீக்கிரம் நியாயம் வந்துவிட்டது பார், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிறது.

சபையிலிருந்து யாராவது கேள்வி கேட்கலாம் என்று மாசிலாமணி அறிவித்தார். எதிர்பார்த்த நண்பன் ஒருவன் எழுந்து, எதிர்காலத்தில் இந்த ஆய்வை எப்படி விரிவுபடுத்துவீர்கள் என்று கேட்டான். நிரோஜினி பதில் சொன்னாள். வேறு யாரும் இருக்கிறார்களா. இல்லையென்று நினைத்து மாசிலாமணி மைக்கை அணைக்கப் போனார், அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தாள். சாம்பல் நிறச் சேலை, காய்ந்த கிழங்குபோல ஒடுங்கிய முகம். அவள் எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாள் என்று கிருபாகரனுக்குத் தெரியவில்லை. நிரோஜினியின் முகம் மலர்ந்தது. நான்தான் சார் கூட்டிட்டு வந்தேன், தவமலர் அம்மா, முப்பதாவது தகவலாளி, நீங்க வர்றீங்கன்னு சொன்னதும் பேர் தெரிஞ்சாலும் பரவாயில்லை, கட்டாயம் வரணும்னாங்க என்றாள். எல்லாத் தலைகளும் திரும்பின. சிலர் கைதட்டத் தொடங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்கள். முகத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று அவள் நிமிரவே இல்லையே. நடு வகிடு மட்டும் தெரிந்தது, இப்போது அது நரைத்திருந்தது.

“ஐயா, அண்டைக்கு நான் பிள்ளையின்ட பேரை உங்களிட்டச் சொன்னனான்” என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை, ரேஷன் கடையில் கார்டைத் திருப்பிக் கேட்கிறவளின் குரல். “பேரெல்லாம் மறைக்க வேணும் எண்டுதானே உங்கட சட்டம். அதாலை நீங்கள் எழுதேல்லை. அது சரி. இப்ப எனக்கு மற்றதெல்லாம் நினைவிருக்கு, பேர் மட்டும் வருகுதில்லை. சுண்டி இழுத்தாலும் வருகுதில்லை. நீங்கள் எங்கையும் குறிச்சு வச்சிருப்பியள். பாத்துச் சொல்லுங்கோ.”

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்ன எளிதான கேள்வி. ஒரு பெயர். ஒன்றைச் சொல்லிவிடலாம். பழைய நோட்டில் இருக்கிறது, அனுப்புகிறேன் என்று சொல்லலாம். ஆய்வறம், பெயரை வெளியிட முடியாது என்று சொன்னால்கூடக் கைதட்டுவார்கள். ஒரு பெயரைச் சொன்னால் அவள் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், கடைசிப் பொத்தானும் போட்டாகிவிடும், அவள் நிம்மதியாகச் சாவாள், அவர் ஓய்வு பெறுவார், நிரோஜினி முனைவராவாள். யாருக்கு நஷ்டம். கிருபாகரன் வாயைத் திறந்தபோது ஒரு பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது, எங்கிருந்து என்று தெரியவில்லை, தயாராக, ஈரமாக. அப்படித்தான் அன்றும் பேனாவுக்கு வந்தது. அந்த வேகம்தான் அவரைப் பயமுறுத்தியது. உதட்டை மூடி அதை விழுங்கினார். விழுங்கியதும் அது என்ன பெயர் என்பது மறந்துபோனது.

“அம்மா, அன்னிக்கு நீங்க எதுவுமே பேசலை” என்றார். மைக் அதை எல்லாச் சுவருக்கும் கொண்டுபோனது. “அரிசியில கல் பொறுக்கிட்டு இருந்தீங்க. பிள்ளையும் படகும் நான் எழுதினது. லாட்ஜில உட்கார்ந்து நானா எழுதினேன். ஒரு ஆள் குறைஞ்சது, அதுக்காக.”

மாசிலாமணி ஒரு தடவை சிரித்தார், யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினார். நிரோஜினி கையிலிருந்த கருவியைத் தெரியாமல் அழுத்திவிட்டாள் போலிருக்கிறது, திரையில் மறுபடியும் அந்தக் கை வந்து நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை, கடைசி வரிசையைப் பார்த்தாள். கிருபாகரனும் அங்கேதான் பார்த்தார். ஏசட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், அழட்டும், எதையாவது செய்யட்டும் என்று காத்திருந்தார். இருபத்தெட்டு வருஷத்தை இறக்கிவைத்த லேசான உணர்வு ஒன்று வரும் என்று நினைத்திருந்தார், அது வரவில்லை.

தவமலர் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். “ஏழு வருஷம் நானும் அதைத்தான் சொன்னனான்” என்றாள். “ஆரும் கேக்கேல்லை. இப்ப நீங்கள் சொல்லுறியள். ஆனால் ஐயா, இனி அதை எங்கை கொண்டுபோய் விடுறது? முப்பத்தொரு வயசாகுது. விடிய எழும்பினால் கட்டிலடியிலை இருமுற சத்தம் எனக்குக் கேக்குது. நீங்கள் எழுதின பிள்ளையெண்டால் பேரும் நீங்கள்தானே வைக்க வேணும்.”

சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள், பதில் வரும்வரை இருப்பதற்கு வந்தவளைப்போல. சபையில் நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ போனில் படம் எடுத்தார்கள், மாசிலாமணி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, சார், உள்ளே போய்ப் பேசிக்கலாம் சார், முதல்ல கையெழுத்து என்றார். கிருபாகரன் அறிக்கையை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். பட்டுப்புடவைகளைத் தாண்டி, மிக்சர் தட்டுகளின் எண்ணெய் வாசனை வரைக்கும் நடந்து கடைசி வரிசைக்கு வந்தார். அவர் வருவதைப் பார்த்து அவள் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு அதில் உட்காராமல், அதைச் சுற்றிக்கொண்டு போய், அதற்கடுத்ததில் உட்கார்ந்தார். தவமலர் நடுவில் காலியாக விட்ட நாற்காலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சரி என்பதுபோல் தலையசைத்தாள். கிருபாகரன் பெயர்களை யோசிக்கத் தொடங்கினார்.